தொண்ணூறு சதவீதம் என்றால் எதில்? பிட்யூட்டரி கட்டி ஆபரேஷன் பற்றி ஒரு பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "அப்பச்சிக்கு 59 வயது. பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஒரு வருஷமாகப் பக்கவாட்டில் வரும் வண்டி அவருக்குத் தெரிவதில்லை. வளவில் (வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) நடக்கும்போது தூணில் தோளை இடித்துக்கொள்கிறார். கண்புரை என்று ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது, பலனில்லை. கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் பிட்யூட்டரியில் (மூளைக்கு அடியில் இருக்கும் ஹார்மோன் சுரப்பி) 28 மில்லிமீட்டர் கட்டி. ரத்தத்தில் புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 46. மதுரையில் மூக்கு வழியாக எடுத்துவிடலாம் என்கிறார்கள். சர்ஜன், 'தொண்ணூறு சதவீதம் நல்லாயிடும்' என்றார். அண்ணன் இணையத்தில் ஏதோ கால்குலேட்டரில் விவரத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, சிக்கல் வர 17 சதவீதம் வாய்ப்பு என்கிறான். யாரை நம்புவது? தை மாதம் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம். அதற்குள் தேறிவிடுவாரா?"

நான் ஹார்மோன் டாக்டர். கட்டியை எடுப்பவர் வேறு. எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஆளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிறந்தது கண்டனூர். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் காரைக்குடியில் நோயாளிகளைப் பார்க்கிறேன். அதனால் வளவுத் தூணில் இடித்துக்கொள்வது எப்படி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொட்டான் பின்னும் ஆச்சி ஒருவர், கையில் இருக்கும் ஓலையை உற்றுப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் காணாமல் போகிறது என்றார். அவருக்கும் இதே இடத்தில்தான் கட்டி. எழுத்து அட்டையை வாசிக்க நடுப்பார்வை போதும் என்பதால் இவர்கள் கண் பரிசோதனையில் பாதி தப்பித்துவிடுவார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் ஆட்டும் விரல் தெரிகிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். போனது போகட்டும்.

சர்ஜன் சொன்ன தொண்ணூறும் அண்ணன் சொன்ன பதினேழும் ஒன்றோடொன்று மோதவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடைகள். தொண்ணூறு சதவீதம் எதில்? உயிருக்கு ஆபத்தில்லை என்பதிலா? அப்படியானால் அது குறைத்துச் சொன்ன கணக்கு. நல்ல கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல். கட்டி முழுசாக வந்துவிடும் என்பதிலா? அப்படியானால் 28 மில்லிமீட்டர் கட்டிக்கு அது கூடுதல் நம்பிக்கை. பார்வை திரும்புமா, மாத்திரை இல்லாமல் இருக்க முடியுமா, கட்டி மறுபடி வளராதா, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு "நல்லாயிடும்" என்கிறோம். சொல்கிற நாங்களும் அதைக் கவனிப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் தேவைதானா? பிட்யூட்டரி கட்டிகளில் புரோலாக்டின் சுரக்கும் கட்டி ஒரு தனி ஜாதி. அதற்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். காபர்கோலின் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட்டால் கட்டி சுருங்கும், பார்வையும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தெளிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டி 28 மில்லிமீட்டருக்கு வளர்ந்திருந்தால் புரோலாக்டின் பல நூறு, சமயத்தில் பல ஆயிரம் என்று வந்திருக்கும். உங்கள் அப்பச்சிக்கு 46 என்பது, வேறு வகைக் கட்டி பிட்யூட்டரியின் காம்பை நசுக்குவதால் லேசாக ஏறிய அளவு போலத்தான் தெரிகிறது. வயிற்றுப் பொருமலுக்கு டோம்பெரிடோன் மாத்திரை போடுகிறாரா என்றும் கேளுங்கள். நம்மூரில் பாதிப் பேர் சட்டைப்பையில் அது இருக்கும். அதுவும் புரோலாக்டினை ஏற்றும். இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் புரோலாக்டின் அளவுக்கு மீறி இருக்கும்போது பரிசோதனை இயந்திரமே திணறி, குறைவான எண்ணைக் காட்டிவிடும். ரத்த மாதிரியை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்த்தால் உண்மை தெரியும். கட்டி பெரிதாக, எண் சிறிதாக இருக்கும் எல்லோருக்கும் இதை ஒரு தடவை கேட்டு வாங்குவது நல்லது. சில நூறு ரூபாய்ச் செலவில் தேவையில்லாத ஒரு ஆபரேஷன் தவிர்ந்துபோகலாம்.

சரி, அதுவும் பார்த்தாயிற்று, இது ஹார்மோன் சுரக்காத கட்டிதான் என்றே வைத்துக்கொள்வோம். இனி எது எவ்வளவு நடக்கும் என்பதை எதை வைத்துச் சொல்கிறோம் என்று பார்க்கலாம்.

பிட்யூட்டரி ஒரு கொண்டைக்கடலை அளவு; அரை கிராம் எடை. மூக்குத் துவாரத்தின் பின்கோடிக்கும் மேலே, எலும்பில் ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டுப் பட்டாலையை, அதாவது தூண் வைத்த கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்கு இடமும் வலமும் இரண்டு தூண்கள்: மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாளங்கள். மேலே உத்தரத்தில் குறுக்கே போகும் வயர் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடம். கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் வயரை நெருக்கும். அதுதான் அப்பச்சிக்கு நடந்திருக்கிறது. பக்கவாட்டில் வளர்ந்தால் தூணைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகும். கீழேயிருந்து, அதாவது மூக்கு வழியாக வரும் சர்ஜனுக்கு, இரண்டு தூணுக்கு நடுவில் இருப்பது நன்றாகக் கைக்கு எட்டும். தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை விளக்குமாற்றால் இழுக்கப் பார்த்தால் தூண் தாங்குமா என்பதுதான் பிரச்சினை.

இந்தத் தூண் கணக்கைத்தான் வியன்னாவின் நரம்பியல் சர்ஜன் நாஸ்ப் 1993இல் ஒரு அளவுகோலாக்கினார். ஸ்கேனில் இரண்டு நாளத்தின் வெட்டு முகத்துக்கும் உள்விளிம்பில் ஒரு கோடு, நடுவில் ஒரு கோடு, வெளிவிளிம்பில் ஒரு கோடு. உள்கோட்டைத் தாண்டாத கட்டி பூஜ்யம். நாளத்தை முழுவதும் சுற்றி வளைத்துவிட்டால் நான்கு. பூஜ்யம், ஒன்று என்றால் முழுசாக எடுக்க நல்ல வாய்ப்பு. நான்கு என்றால் எவ்வளவு கெட்டிக்காரர் செய்தாலும் மிச்சம் இருக்கும். வேண்டுமென்றே மிச்சம் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையென்றால் சர்ஜனிடம் கேளுங்கள். நான் பார்த்தவரை, கட்டி எவ்வளவு வரும் என்பதை 28 மில்லிமீட்டர் என்ற அளவைவிட இந்த ஒற்றை இலக்கம்தான் நன்றாகச் சொல்கிறது.

ஸ்கேனால் சரியாகச் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. கட்டி எவ்வளவு கெட்டி என்பது. பெரும்பாலான கட்டிகள் நன்றாக வெந்த பருப்பு மாதிரி மெத்தென்று இருக்கும். உறிஞ்சு குழாயிலேயே வந்துவிடும். சில கட்டிகள் நாராகக் கெட்டிப்பட்டு இருக்கும். ஒரே அளவு, ஒரே வடிவம் உள்ள இரண்டு கட்டிகளில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிய, மற்றது ஐந்து மணி நேரம் எடுத்தும் பாதி நின்றுபோவது இதனால்தான். எம்.ஆர்.ஐ.யில் சில சாயல்களை வைத்து ஊகிக்கலாம். ஆனால் திறந்து பார்த்தபின்தான் உறுதி.

பார்வை விஷயத்தில் உங்களுக்கு ஓரளவு நல்ல சேதிதான். பார்வை குறைந்த பிறகு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேருக்குப் பக்கப்பார்வை முன்னேறுகிறது. பழையபடி முழுசாகத் திரும்புவது நாற்பது சதவீதம் பேருக்குத்தான். முன்பைவிட மோசமாவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு. இதில் அப்பச்சி எந்தப் பக்கம் விழுவார் என்று சொல்ல ஒரு நல்ல வழி உண்டு. கண் மருத்துவமனையில் ஓ.சி.டி. என்று விழித்திரையைப் படம் எடுப்பார்கள். அதில் நரம்பு நார் அடுக்கின் தடிமன் தெரியும். அடுக்கு தடிமனாக இருந்தால் வயர் நசுங்கியிருக்கிறதே தவிர அறுந்துவிடவில்லை என்று அர்த்தம். நெருக்கம் போனதும் விளக்கு எரியும். அடுக்கு மெலிந்திருந்தால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். மெலிந்தவர்களிலும் முன்னேறியவர்கள் உண்டு என்பதால் அதைக் காரணம் காட்டி ஆபரேஷனைத் தள்ளக்கூடாது. ஒரு வருஷ நெருக்கம் என்பது குறைந்த காலமில்லை. "ஆடி போகட்டும், அஷ்டமி போகட்டும்" என்று இனி நாள் தள்ளாதீர்கள். திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு கண் இமை தொங்கிப்போவது, இவை வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்கு நல்ல நேரம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும். தேவகோட்டையிலிருந்து மதுரைக்கு எவ்வளவு நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

கட்டியைக் கண்ணுக்குத் தெரிந்தவரை முழுசாக எடுத்தாலும் பத்து வருஷத்தில் நூற்றுக்குப் பத்து இருபது பேருக்குத் திரும்ப வளர்கிறது. மிச்சம் விட்டவர்களில் இது இன்னும் கூடுதல். அதனால் வருஷா வருஷம் ஸ்கேன் என்பது ஏறக்குறைய ஆயுள் சந்தா. மிச்சம் வளர்ந்தால் கதிர்வீச்சு இருக்கிறது.

ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் கணக்கே வேறு. அப்பச்சிக்கு அது இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ச்சி ஹார்மோன் கட்டியில் பத்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நூற்றுக்கு எழுபத்தைந்து எண்பது பேருக்குமேல் ரத்தத்தில் அளவு சீராகிறது. அதைவிடப் பெரிது என்றால் பாதிக்குப் பாதி. (நம் பக்கத்தில் இந்த நோயைக் கண்டுபிடிக்க ஒரு வசதி உண்டு. முகப்பிலும் பட்டாலையிலும் கல்யாண காலத்திலிருந்து போட்டோ மாட்டி வைத்திருப்பார்கள். முப்பது வயதுப் படத்தையும் ஐம்பது வயது ஆளையும் பக்கத்தில் வைத்தால் தாடையும் மூக்கும் கையும் பெரிதாகியிருப்பது பளிச்சென்று தெரியும். கல்யாண மோதிரம் சுண்டு விரலில்கூட ஏறாது.) கார்டிசோலை (உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் ஹார்மோன்) ஏற்றிவிடும் கட்டியில் ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் கார்டிசோல் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால் நோய் அடங்கியதற்கு நல்ல அறிகுறி. நோயாளி சோர்ந்து படுத்திருப்பார், வீட்டார் பயந்துபோயிருப்பார்கள், டாக்டர் மட்டும் சந்தோஷமாக இருப்பார்.

இனி சிக்கல்கள். அமெரிக்காவில் 958 நரம்பியல் சர்ஜன்களிடம் கேட்டுத் தொகுத்து 1997இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் மூளைநீர் ஒழுக்கு (மூளையைச் சுற்றியிருக்கும் நீர் மூக்கு வழியாகக் கசிவது) 3.9 சதவீதம், மூளைச்சவ்வு அழற்சி 1.5, கரோட்டிட் நாளத்தில் காயம் 1.1, மரணம் 0.9. அந்தக் காலத்தில் நுண்ணோக்கியோடு செய்தது. இப்போது பெரும்பாலும் எண்டோஸ்கோப் என்ற கேமரா வைத்த மெல்லிய குழாய். எண்களைவிட முக்கியமான சேதி அதில் ஒன்று இருந்தது. இருநூறுக்குக் குறைவாகச் செய்தவர்களைவிட ஐந்நூறுக்கு மேல் செய்தவர்களிடம் சிக்கல்கள் பொதுவாகக் குறைந்துகொண்டே போயின. அப்பச்சியின் வயது, எடை, சர்க்கரை என்று கால்குலேட்டரில் எல்லாம் கேட்டிருப்பார்கள். "செய்யப்போகிறவர் இதுவரை எத்தனை செய்திருக்கிறார்?" என்று கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். "டாக்டர், வருஷத்துக்கு எத்தனை பிட்யூட்டரி பண்ணுவீங்க? அதுல எத்தனை பேருக்கு மூக்குல தண்ணி ஒழுகுச்சு?" என்று பணிவாகக் கேட்டால் நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார், சொந்தக் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பார். பெரிய கட்டடமா, சின்னக் கட்டடமா என்பதைவிட இது முக்கியம். கூடவே காது மூக்கு தொண்டை டாக்டர், ஹார்மோன் டாக்டர், கண் டாக்டர் எல்லோரும் ஒரே இடத்தில் கைகோத்து வேலை செய்கிறார்களா என்றும் பாருங்கள்.

மூளைநீர் ஒழுக்கை முன்கூட்டி ஓரளவு ஊகிக்கலாம். கட்டி உயரமாக மேலே போயிருப்பது, ஏற்கெனவே ஒரு தடவை அதே இடத்தில் ஆபரேஷன் ஆகியிருப்பது, உடல் பருமன், இவை வாய்ப்பைக் கூட்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறி, ஆபரேஷன் நடக்கும்போதே நீர் கசிந்ததா என்பது. கசிந்தால் அங்கேயே தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ கொஞ்சம் கொழுப்பை எடுத்து அடைத்து, மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வை ரத்த ஓட்டத்தோடு திருப்பி மேலே போர்த்துவார்கள். "கால்ல எதுக்கு தையல்? ஆபரேஷன் மூக்குலதானே?" என்று ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் மாதிரி சொட்டுச் சொட்டாக விழுவது, தொண்டையில் உப்புக்கரிப்பு, இவை இருந்தால் ஜலதோஷம் என்று மிளகு ரசத்தோடு நிறுத்தாமல் போன் செய்யுங்கள். அதோடு காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

இரண்டாவது, தண்ணீர்க் கணக்கு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் வீட்டார் கையில் இருப்பது இதுதான். பிட்யூட்டரியின் பின்பகுதி, சிறுநீரில் தண்ணீர் வீணாகாமல் காக்கும் ஹார்மோனை வெளிவிடுகிறது. கையாண்டதில் அது சுணங்கிப்போனால் முதல் இரண்டு நாளில் சிறுநீர் குடம் குடமாகப் போகும், தாகம் அடங்காது. பத்து முதல் முப்பது சதவீதம் பேருக்கு இது தற்காலிகமாக வரும். நிரந்தரமாவது மிகச் சிலருக்கு. இதற்கு நெடுங்காலமாக டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று பெயர். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. "டயாபடீஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு குடும்பம் அய்யாவுக்குச் சாதத்தை நிறுத்திக் கம்பங்கூழுக்கு மாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அதுவாவது வேடிக்கை. வெளிநாடுகளில் மருத்துவமனை ஊழியர்களே சர்க்கரை நோயென்று குழம்பி, குறைந்த ஹார்மோனுக்கு ஈடாகக் கொடுக்கும் டெஸ்மோபிரசின் மருந்தைக் கொடுக்காமல் விட்டு உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் 2022இல் உலக ஹார்மோன் சங்கங்கள் கூடி, பெயரையே அர்ஜினின் வாசோபிரசின் (தண்ணீரைக் காக்கும் அந்த ஹார்மோனின் பெயர்) குறைபாடு என்று மாற்றின.

இந்தக் கட்டம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வந்து போய்விடும், அளந்து பார்க்க நர்ஸ் இருப்பார். வீட்டுக்கு வந்தபின் வருவது இதற்கு நேர்மாறு. நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை, பெரும்பாலும் ஏழாம் நாளையொட்டி, காயம்பட்ட பகுதி தேக்கிவைத்த ஹார்மோனைத் தாறுமாறாகக் கொட்டும். உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சோடியம் (உப்புச்சத்து) சரியும். நூற்றுக்குப் பத்து இருபது பேருக்கு இது வருகிறது. சிலருக்குத் தெரியாமலே போகும். சிலருக்குத் தலைவலி, குமட்டல், சோர்வு, மசமசப்பு. கவனிக்காமல் விட்டால் வலிப்பு. பிட்யூட்டரி ஆபரேஷன் ஆனவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

இப்போது நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆபரேஷன் ஆகி வந்தவரைப் பார்க்கப் பங்காளி வீடு, தாயபிள்ளை என்று வரிசையாக வருவார்கள். ஆளுக்கு நாலு இளநீர், ஒரு சீசா ஹார்லிக்ஸ். "உடம்பு சூடு, தண்ணி நெறையக் குடிங்க" என்று ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பச்சியும் மரியாதைக்காக எல்லாவற்றையும் குடிப்பார். சோடியம் சரியும் வாரத்தில் இது எரிகிற தீயில் எண்ணெய். பல மருத்துவமனைகளில் இப்போது அந்த நாட்களுக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று குடிநீரை அளந்து கொடுக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்த இடங்களில் திரும்பி வந்து சேர்பவர்கள் குறைந்திருக்கிறார்கள். உங்கள் சர்ஜன் எத்தனை லிட்டர் சொல்கிறாரோ அதை ஒரு பாட்டிலில் காலையிலேயே ஊற்றி வைத்துவிடுங்கள். ஆனால் முதல் கட்டத்துச் சிறுநீர்ப் போக்கு இன்னும் அடங்காதவர்கள் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. அப்பச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை டிஸ்சார்ஜ் அன்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அண்ணனின் கால்குலேட்டர் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. யாருக்குச் சோடியம் சரியும் என்று முன்கூட்டிச் சொல்ல எத்தனையோ பேர் முயன்றுவிட்டார்கள். ஒரு ஆய்வில் வயது முக்கியம் என்று வரும், இன்னொன்றில் கட்டியின் அளவு, மூன்றாவதில் இரண்டும் இல்லை என்று வரும். நம்பகமான குறி எதுவும் நிலைக்கவில்லை. அதனால் நாங்கள் ஊகிப்பதை விட்டுவிட்டு, ஏழாம் நாள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறோம்.

கால்குலேட்டரை நான் குறை சொல்லவில்லை. எந்திரக் கற்றல் முறையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரத்தைக் கொடுத்துப் பழக்கிய கணிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. ஆனால் அவற்றின் "துல்லியம்" என்ற சொல்லில் ஒரு பொடி இருக்கிறது. காரைக்குடியில் இன்று மழை வராது என்று தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள்; வருஷத்தில் முக்கால்வாசி நாளுக்கு மேல் பலிக்கும். ஊரணி நிரம்பும் நாளை நீங்கள் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதே மாதிரி, நூற்றுக்கு நான்கு பேருக்கு வரும் சிக்கலை "யாருக்கும் வராது" என்று சொல்லும் கணிப்பும் 96 சதவீதம் துல்லியம்தான். கணிப்பான் 0.8 மதிப்பெண் வாங்கியது என்பார்கள். சிக்கல் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் ஜோடியாக நிறுத்தினால் பத்தில் எட்டு தடவை வந்தவருக்கு அதிக எண் கொடுத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அப்பச்சிக்குப் போட்ட 17 உண்மையில் 17தானா என்பது வேறு கேள்வி. அது பழகிய மருத்துவமனையில் கட்டி எவ்வளவு பெரிதாகி வருவார்கள், யார் செய்தார்கள், எதை எல்லாம் சிக்கல் என்று எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் நம்மூருக்குப் பொருந்தவும் செய்யலாம், பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருக்கவும் செய்யலாம். இரண்டு நாள் கூடுதலாகச் சிறுநீர் போனதையும் சிக்கல் என்று சேர்த்திருந்தால் 17 என்பது பயப்படவே தேவையில்லாத எண். கரோட்டிட் காயம் மட்டும்தான் 17 என்றால் அந்த இடத்துக்குப் போகவே கூடாது! அண்ணனிடம் கேளுங்கள், எந்தச் சிக்கல் என்று அந்தத் திரையில் போட்டிருந்ததா?

மூன்றாவது, மற்ற ஹார்மோன்கள். பெரிய கட்டியோடு வருபவர்களில் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே தைராய்டு, கார்டிசோல், ஆண் ஹார்மோன் குறைந்திருக்கும். சிலருக்கு நெருக்கம் போனபின் திரும்பும். சிலருக்குப் புதிதாகக் குறையும். ஆபரேஷனுக்குப் பின் ஒன்று முதல் மூன்றாம் நாள்வரை காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்டிசோல் இதற்கு நல்ல வழிகாட்டி. பல இடங்களில் 10 முதல் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால், கார்டிசோலுக்கு ஈடாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை இல்லாமலே அனுப்புவார்கள்.

மாத்திரையோடு அனுப்பினால் ஒன்றை மனதில் வையுங்கள். கட்டி எடுத்து ஐந்து மாதமான ஒருவர் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்தார். வழியில் காய்ச்சல், வாந்தி. விரதத்தில் மாத்திரை எதற்கு என்று இரண்டு நாளாக நிறுத்தியும் இருந்தார். மயங்கி விழுந்தவரைக் கூட வந்தவர்கள் களைப்பு என்று நினைத்து மோர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நல்லவேளை, பையில் நான் எழுதிக் கொடுத்த அட்டை இருந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்து 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இந்த மாத்திரையைக் காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்காக்க வேண்டும், வாந்தியென்றால் ஊசியாகப் போட வேண்டும், எந்த நோன்புக்கும் நிறுத்தக் கூடாது. பிள்ளையார் நோன்பு அன்றும் காலை மாத்திரை உண்டு. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி தை மாதம். இப்போது ஆவணி. புரட்டாசிக்குள் ஆபரேஷன் முடிந்தால், மூக்கடைப்பும் மணம் தெரியாததும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைக்குள் சரியாகும். முதல் சில வாரம் மூக்கைச் சிந்தக்கூடாது, வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், கடையில் அண்டா குண்டா தூக்கக்கூடாது, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வாரத்தில் மூக்கிலிருந்து திடீரென்று ரத்தம் கொட்டுவது அபூர்வமாக நடக்கும். கொட்டினால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ. மார்கழியில் வரும், எவ்வளவு மிச்சம் என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும், அதற்கு முன் எடுத்தால் வீக்கமும் அடைத்த கொழுப்பும் குழப்பும். பார்வை முதல் சில நாளிலேயே விலகலாம், பல மாதம் மெல்ல மெல்லவும் முன்னேறலாம். மணையில் உட்கார்ந்து மாலை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு அப்பச்சி தையில் இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பத்திரிகை அடிக்கலாம். ஹோமப் புகைக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆபரேஷன் எந்தக் கிழமையோ, அடுத்த வாரம் அதே கிழமை காலையில் சோடியம் பார்க்க ரத்தம் கொடுக்க வேண்டும். எந்த லேபில் எடுத்தால் அன்று சாயங்காலத்துக்குள் முடிவு கையில் வரும் என்று இப்போதே விசாரிக்கட்டும். மாதிரியை வெளியூருக்கு அனுப்பி மறுநாள் சொல்லும் இடம் இதற்கு உதவாது. எண் 135க்குக் கீழே வந்தால் யாருக்கு போன் செய்வது, அந்த நம்பரை இரவு பத்து மணிக்கு யார் எடுப்பார் என்பதையும் டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.